உறவுமுறைப்படி டேப்பர் தெரிவு செய்வது எப்படி?

ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்து வையுங்கள். மெசினின் விலை, மோட்டரின் வலு, மேசையின் நீளம் எல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். முதலில் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரை நாடுவாரியாக எழுதுங்கள். ரொறன்ரோவில் சித்தப்பா, லண்டனில் மச்சாள், சுவிஸில் பெறாமகன் என்று ஒருவரையும் விடாதீர்கள். கதைபேச்சு இல்லாமல் இருக்கிறவர்களையும் சேருங்கள், சமாதானமாக இன்னும் நேரம் இருக்கிறது.

உரும்பிராயில் வீட்டுப் பட்டறைக்கு ஒரு சின்ன மில்லிங் மெசின் வாங்குகிறவர் ஸ்பிண்டில் டேப்பரைத் தீர்மானிப்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான். ஸ்பிண்டிலின் வாய்க்குள் இருக்கிற கூம்புக் குழிதான் டேப்பர். அதற்குள் எது பொருந்துமோ அதைத்தான் இனிமேல் வாங்கப் போகிறீர்கள். மெசினுக்குக் காசு ஒருமுறைதான் போகும். டூலைப் பிடிக்கிற கொலெற், சக், ஆர்பர் என்று போகிற காசு நிற்கவே நிற்காது. பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்தக் காலத்து வாகனத்துக்கும் பாட்ஸ் எடுக்கலாம். ஆனால் ‘ஆர்8 கொலெற் இருக்கோ’ என்று கேட்டுப் பாருங்கள். எந்த மொடல் வான் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆகவே சாமான் சொந்தக்காரரிடமிருந்துதான் வர வேண்டும்.

இடையில் வீட்டிலும் ஒரு கேள்வி வரும்: “உது எதுக்கு?” வெங்காயத் தோட்டத்து வாட்டர் பம்பின் ஹெட்டை மட்டம் பிடிக்க, லான்ட்மாஸ்டர் சாஃப்ற்றில் கீவே வெட்ட என்று சொல்லுங்கள். செம்மண் ஊரில் இறைப்பைக் காரணம் காட்டினால் எதிர்த்துக் கதைக்க மாட்டார்கள். முதல் வருசம் முழுக்க அந்த மெசினுக்கு வேண்டிய சாமான்களைத்தான் அந்த மெசினில் செய்துகொண்டிருப்பீர்கள் என்பதை இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

கனடாக்காரர் கூடிய வீடுகளுக்கு ஆர்8. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1938இல் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மில்லோடு வளர்ந்த டேப்பர் இது. வட அமெரிக்காவில் மூடுகிற பட்டறை ஒவ்வொன்றிலும் ஒரு லாச்சி நிறைய இதன் கொலெற் கிடக்கும். முக்கால் அங்குலம் வரையான எண்ட்மில்லைச் சக் இல்லாமல் நேரே ஸ்பிண்டிலிலேயே பிடிக்கலாம். சின்ன மெசினில் உயரம் மிச்சப்படுவது பெரிய விசயம். மேலிருந்து டூலை இழுத்துப் பிடிக்கிற ட்ரோபாரைக் கொஞ்சம் தளர்த்தி மேலே ஒரு தட்டுத் தட்டினால் கழன்று வரும். குறை அந்த ட்ரோபாரின் மரைதான்: அங்குலத்தில் 7/16, அங்குலத்துக்கு 20 மரை. ஊர்க் கடையில் அந்த அளவில் ஒரு போல்ட் கேட்டுப் பார்த்தால் கடைக்காரரின் பொறுமையை அளந்துவிடலாம்.

பட்டியலில் லண்டனும் ஜெர்மனியும் நிறைந்திருந்தால் 30ஆம் நம்பர் கூம்பு உங்களைத் தேடி வரும். இன்ரர்நஷனல் 30, ஐஎஸ்ஓ30, எஸ்கே30, என்டி30 எல்லாம் ஒன்றுதான். வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், விசாவில் இன்னொரு பேர் என்று வாழ்கிற நம்மவருக்கு இது புதினமில்லை. 24க்கு 7 என்ற செங்குத்தான சரிவு. தானாகப் பிடிக்காது, தானாக இறுகவும் மாட்டாது. சுற்றுவிசையை வாயோரத்து இரண்டு கட்டைகள் தாங்கும். அருமையான டேப்பர்தான், ஆனால் கூம்பு ஒன்றென்றாலும் மரை ஒன்றில்லை: ஜெர்மன்காரருக்கு எம்12, ஆங்கிலேயருக்கு அரை அங்குலம். லண்டன் ஆர்பரையும் ஜெர்மன் ட்ரோபாரையும் வைத்துக்கொண்டு முழிக்கிற நாள் வரும். பிடி30 என்று எழுதியதை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். அது சிஎன்சி சாதி, கழுத்தே வேறு.

சுவிஸ் பெறாமகனிடம் டேப்பர் கேட்க வேண்டாம். அங்கே ஷௌப்ளின் மெசின்களின் டபிள்யூ20 கொலெற் இருக்கிறது. விலையைக் கேட்டால் மெசின் வாங்கும் எண்ணமே போய்விடும். அவரிடம் ஈஆர்32 கொலெற் செற் ஒன்று கேளுங்கள். ஈஆர் அந்த நாட்டு ரேகோ-ஃபிக்ஸ்காரரின் வேலை, எந்த டேப்பருக்கும் அதன் சக் கிடைக்கும்.

வெளிநாட்டில் ஒருவருமே இல்லையா? கவலைப்படாமல் மோர்ஸ் 3 எடுங்கள். பட்டியல் நிறைய ஆள் இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். 1860களில் ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் துளைபோடும் பிட்டுக்காகக் கண்டுபிடித்தது. பழைய துளைமெசினில், லேத்தின் பின்தலையில், எங்கே பார்த்தாலும் மோர்ஸ்தான். இன்னொரு நன்மை, இதை ஊரிலேயே கடையலாம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறை அண்ணை ஒருவர் எந்தக் கடைசல் பட்டறையிலும் இருப்பார். “என்னண்டாலும் கடைஞ்சு தாறன் தம்பி” என்பார். தருவார், சரிவை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்: 3ஆம் நம்பருக்கு ஒரு பக்கம் 1 பாகை 26 கலை. 2ஆம் நம்பரின் சரிவு இதிலிருந்து ஒரு மயிரிழை விலகும். ஏன் என்று மோர்ஸைத்தான் கேட்க வேண்டும். கடைந்ததன் நீளப்பாட்டுக்கு மூன்று பென்சில் கோடு போட்டு, ஸ்பிண்டிலுக்குள் தள்ளி ஒரு திருப்புத் திருப்பி எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் அண்ணைக்கு ரீ வாங்கிக் கொடுக்கலாம். ஒரு நுனியில் மட்டும் அழிந்திருந்தாலும் வாங்கிக் கொடுங்கள், திரும்பக் கடைய வேண்டியவர் அவர்தான்.

மோர்ஸில் ஒரு ஆபத்து உண்டு, இதைப் பகிடியாக எடுக்காதீர்கள். துளை போடும்போது பாரம் மேல்நோக்கி வருவதால் கூம்பு இறுகும். எண்ட்மில் அப்படியில்லை, பக்கவாட்டில் தள்ளும், அதன் முறுக்கு டூலைக் கீழே இழுக்கும். ட்ரோபார் போடாவிட்டால் டூல் சுற்றிக்கொண்டே கழன்று விழும். வால்நுனியில் நாக்கு மட்டும் இருந்து மரைத்துளை இல்லாத ஆர்பரைத் துளைமெசினுக்கே விட்டுவிடுங்கள். துளைபோடும் சக்கில் எண்ட்மில்லைப் பிடித்து வெட்டுவதும் வேண்டாம்.

பூட்ட முன்னம் கூம்பையும் குழியையும் பழைய சாரத்துண்டால் துடையுங்கள். காற்றோடு வருகிற செம்மண் ஒரு பருக்கை உள்ளே இருந்தாலும் டூல் ஆடும். பின்னேரம் வேலை முடிந்ததும் டூலைக் கழற்றிவிட்டுப் போங்கள். சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த டூலை ஏற்றி அப்படியே விட்டால் இரவில் ஸ்பிண்டில் குளிர்ந்து சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் பித்தளைச் சுத்தியல்தான் எடுக்க வேண்டும், இரும்புச் சுத்தியல் பெயரிங்கைத் தின்றுவிடும். முதலில் ட்ரோபாரை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். கழற்றிவிட்டு அடித்தால் டூல் நேரே உங்கள் கால்விரலுக்குத்தான் வரும்.