ஆனந்தமாக வாழ மூன்று வழிகள்

விடிவதற்குள் குடும்ப குரூப்பில் வந்து விழுந்துவிட்டது. 'மன அமைதிக்கும் உடல் நலத்துக்கும் 21 எளிய வழிகள்.' மேலே ரோஜாப்பூ, கீழே உதிக்கிற சூரியன், நடுவில் ஆவி பறக்கும் காபி. அனுப்பியது என் மச்சினன். ஏழு மணிக்குப் போன் வேறு.

"படிச்சீங்களா மாமா? பன்னண்டாவது பாயின்ட் உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு."

பன்னிரண்டாவது: 'தினமும் அதிகாலையில் கடற்கரையில் வெறுங்காலோடு நடங்கள்.'

அவன் இருப்பது சென்னையில், ஒன்பதாவது மாடியில். நான் இருப்பது கடப்பாக்கத்தில். கடல் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்து, நானும் துருப்பிடித்துப் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். எனக்குக் கடற்கரையைச் சிபாரிசு செய்கிறான். பல் துலக்குங்கள் மாமா என்று சொல்வதுதான் பாக்கி.

போகட்டும். 21 வழிகள் யாருக்கும் தாங்காது. அவற்றில் உருப்படியான மூன்றைப் பொறுக்கி, உள்ளூர் அனுபவத்தோடு இங்கே தருகிறேன்.

முதலாவது, நடை.

சென்னையில் நடப்பது சுலபம். நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊரில் காரணமில்லாமல் நடக்கிறவனைச் சும்மா விடுவதில்லை. வாசலில் இறங்கியதுமே எதிர்வீட்டு அம்மா கோலத்தை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். "என்னா சார், காலங்காத்தால?" "வாக்கிங்மா." "ஐயோ, உடம்புக்கு என்னா?" ஒரு மனுஷன் நடந்தால் அவனுக்குச் சர்க்கரை. வேகமாக நடந்தால் சர்க்கரை அதிகம். கையை வீசிக்கொண்டு நடந்தால் டாக்டர் கெடு வைத்துவிட்டார். அவ்வளவுதான் கணக்கு.

தெருமுனை திரும்புவதற்குள் முதல் பைக் வந்து நிற்கும். ஓட்டுகிறவன் என் பழைய மாணவன். "ஏறுங்க சார்." "இல்லப்பா, நடக்கிறேன்." "எங்க சார் போவணும்?" "எங்கேயும் இல்ல." "பரவால்ல சார், ஏறுங்க, எறக்கிவுட்டுட்டுப் போறேன்." எங்கேயும் இல்லாத இடத்தில் என்னை இறக்கிவிட அவன் தயார். மறுத்து அனுப்பினால் அடுத்து பால்காரர். பின் சீட்டில் கேன் இருக்கிறதே என்று நான் தப்பிக்கப் பார்த்தால், கேனைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்கிறார். அவரையும் அனுப்பினால் ஷேர் ஆட்டோ. உள்ளே ஏற்கெனவே பதினோரு பேர். பன்னிரண்டாவதாக எனக்கு இடம் விட எல்லோரும் இடுப்பை நகர்த்துகிறார்கள். வேலைக்குப் போன காலத்தில், நிறுத்தத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாலும் நிற்காமல் போன பஸ், இப்போது சும்மா நடக்கிறவன் பக்கத்தில் வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வாங்க சார், எடம் இருக்கு!"

எல்லோரையும் மறுத்துக்கொண்டே போக முடியாது. "சார் நம்ம வண்டியில எல்லாம் ஏறுவாரா?" என்று ஒரு பேச்சு கிளம்பும். அடுத்த வாரம் அது, "வீட்டுல அம்மாகூடச் சண்டை போல, மனுஷன் தெருத்தெருவா நடக்கிறாரு" என்று வளரும். ஆகவே ஏறிவிடுவேன். ஏற்றியவன் டீக்கடையில் இறக்கிவிடுவான். இறக்கிவிட்டவன் டீ வாங்கித் தராமல் போக மாட்டான். டீ வந்தால் மசால்வடை வரும். அரை கிலோ குறைக்கலாம் என்று கிளம்பியவன் இரண்டு வடை கூடுதலாகத் திரும்பி வருவதற்குப் பெயர் எங்கள் ஊரில் வாக்கிங்.

ரோடு வேண்டாம், கடற்கரையே கதி என்று ஒரு நாள் இறங்கினேன். வெறுங்கால், உதிக்கிற சூரியன், எல்லாம் பட்டியலில் சொன்னபடிதான். வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கிழக்கே கடல், மேற்கே சவுக்குத்தோப்பு. நடுவில் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு வடக்கும் தெற்குமாகப் போய்ப் போய்த் திரும்புகிறான். "என்னா சார், மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா?" என்றார். "இல்லய்யா, சும்மா." சும்மாவை அவர் நம்பவில்லை. "டேய், சார் எதையோ தொலைச்சிட்டாரு, பாருங்கடா" என்று குரல் கொடுத்தார். நாலு பையன்கள் ஓடிவந்து மணலைக் காலால் தள்ளித் தேட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் கைக்குத் தேய்ந்த ஐம்பது பைசா ஒன்று கிடைத்தது. என்னிடம் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். மறுநாள் மளிகைக் கடையில், "கெடைச்சுதா சார்?" அதற்கு மறுநாள் பேருந்து நிறுத்தத்தில், "ரெண்டு பவுன் செயினாமே?" சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி கையில் கரண்டியோடு கேட்டாள்: "எந்தச் செயின்?"

இத்தனைக்கும் கணக்கு வைத்துக்கொண்டிருப்பது என் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம். அதுவும் மச்சினன் உபயம்தான். நாளுக்கு 10,000 அடி நடந்தால் பட்டாசு வெடித்துக் காட்டும். பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்து எங்கள் தெருப் பள்ளங்களில் குலுங்கினால் அதையும் நடையில் சேர்த்துக்கொள்ளும். அந்த மட்டில் அதற்கு நல்ல மனசு. சரி, இந்தப் பத்தாயிரத்தை நிர்ணயித்தது எந்த வைத்தியர் என்று தேடினால், வைத்தியரே இல்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக். மறு வருஷம் யாமாசா என்கிற ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடிமானி என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்காக வைத்த பெயர் உலகத்துக்கே வேதவாக்காகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தாலே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் போனால் பலன் கூடவில்லை. இதை மச்சினனுக்கு அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே 'வெந்தயத்தின் 32 பயன்கள்' அனுப்பினான்.

இரண்டாவது, உப்பு.

நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். அதில் எனக்குச் சண்டை இல்லை; பி.பி. மாத்திரை நானும் போடுகிறேன். ஆனால் சொல்லப்படுகிற ஊர் எது என்று பார்க்க வேண்டாமா? தெற்கே மரக்காணம் போகும் வழியில் கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். நீளக் கம்பு வைத்த பலகையால் பாத்தியிலிருந்து இழுத்து இழுத்து, வரப்போரம் வெள்ளையாகக் குவித்துக்கொண்டே இருப்பார்கள். வடக்கே செய்யூர்ப் பக்கமும் உப்புதான். எங்கள் ஊர் ஆலம்பரைக் கோட்டைத் துறையிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறிப் போனவை சரிகைத் துணி, உப்பு, நெய். மச்சினன் பட்டியலில் மூன்றாவது, உப்பைத் தவிர். நான்காவது, நெய்யைத் தவிர். சரிகை எப்படியோ தப்பித்துவிட்டது.

உப்பில்லாத கதை ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. கடப்பாக்கம் இன்றைக்கும் இடைக்கழிநாடு பேரூராட்சியில்தான் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். 269 அடியில், வறுமை என்றால் என்ன என்று காட்ட ஓர் அடுக்களையைத் திறந்து வைக்கிறார். இற்றுப்போன சுவர். குட்டி போட்ட நாய் ஒன்று. கண் திறக்காத குட்டிகள் வற்றிய மடியை முட்ட, அது வலி பொறுக்காமல் குரைக்கிறது. பசியில் இடுப்பு ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் அவிக்கிறாள். பிறர் பார்த்துவிட்டால் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு தின்கிறாள். உப்பில்லாத கீரையைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்ற அதே கடலோரத்தில், இன்றைக்குக் கதவைத் திறந்து வைத்து, 'டீடாக்ஸ்' என்று பெயரிட்டு, காசு வாங்கிக்கொண்டு பரிமாறுகிறார்கள். சாப்பிடுகிறவர்கள் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள்.

அந்தப் பாட்டும் யோசனை சொல்கிற பாட்டுதான், அதை மறக்கக் கூடாது. எந்த வழியாகப் போ, எங்கே தங்கு, என்ன கிடைக்கும் என்று ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்கிறான். எயிற்பட்டினத்துக்குப் போனால் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும். வேலூரில் புளி போட்ட சுடுசோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். கடைசியில் நல்லியக்கோடன் அரண்மனை. அங்கே வீமனுடைய சமையல் நூல் தவறாமல் ஆக்கிய விருந்து. மன்னனே பக்கத்தில் நின்று பரிமாறுவான். தவிர் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஆற்றுப்படைக்கு ஒரு சட்டமும் உண்டு: பெற்றவன்தான் பெறாதவனுக்குச் சொல்ல வேண்டும். தான் போய்ச் சாப்பிட்டு, வயிறு நிறைந்து, வரும் வழியில் பசித்தவனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவந்தால் நாட்டில் பாதி போன்கள் விடியற்காலையில் தூங்கும். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இங்கேதான். என்னை வெறுங்காலோடு நடக்கச் சொன்னவன் வெறுங்காலோடு குளியலறை வரைக்கும்கூடப் போனதில்லை.

மூன்றாவது, 'மனதுக்குப் பிடித்தவர்களோடு நேரம் செலவிடுங்கள்.' அதன்படி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறானாம். "நண்டு கெடைக்குமா மாமா? பெருசா பாத்து வாங்கி வைங்க. அக்காகிட்ட காரம் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க." போன முறை வந்தபோது கருவாட்டுக் குழம்புக்கு உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவன் அவன். என் இலையைப் பார்த்து, "ஊறுகாய் வேணாம் மாமா, உங்களுக்கு பி.பி." என்றவனும் அவன்தான்.

ஆகவே, பெற்றவன் என்கிற தகுதியில் நானும் வழி சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் வந்தால் கடப்பாக்கம். இறங்கிக் கிழக்கே திரும்புங்கள். யாராவது வண்டியை நிறுத்தினால் ஏறிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். வலை கரையேறும் நேரமாகப் பார்த்து வந்தால் மீன் மலிவு. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் திட்டு விழும், அதுவும் மலிவு. கழிமுகத்தில் படகுக்காரரிடம் ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டையில் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், மூச்சைக் கவனிப்பதானால் கவனியுங்கள். செங்கல்லில் மட்டும் உங்கள் பெயரையும் அவள் பெயரையும் சுரண்டாதீர்கள். 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள், 2004-ல் சுனாமி இடித்தது. மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான்.