பாட்டுக்காரர் எப்போ வருவார்?

கேள்வி: வீணை, வயலின் கச்சேரிக்குக் குடும்பத்தோடு போனால், "பாட்டுக்காரர் எப்போ வருவார்?" என்று பையன் நச்சரிக்கிறான். என்ன செய்ய?
- ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: நியாயமான சந்தேகம்தான். (உங்கள் வீட்டுக்காரருக்கும் இருந்திருக்கும்; வாய் திறக்கத் துணிவில்லை.) முதலில் ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்'டுக்கு அழைத்துப் போங்கள். முப்படைகளின் பேண்டு வாத்தியம் முழங்கும்போது பாடகரை எவனும் தேடமாட்டான். நார்த் பிளாக், சவுத் பிளாக் மதில்மேல் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் அசையாமல் நிற்கும். செல்போனை எடுக்காமல் கடைசிவரை கேட்கும் ரசிகர்கள் தலைநகரில் அவை மட்டும்தான். பொழுது சாயும்போது கொடி இறங்கும், ரைசினா குன்றுக் கட்டடங்களில் விளக்குகள் எரியும். பையனுக்குக் குல்லா முக்கியம். குளிர் காதைத்தான் முதலில் பிடிக்கும்.

அடுத்த பாடம் சிதார், சரோட். ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய 'ஸ்பிக் மெக்கே' அமைப்பு, சாணக்யபுரி நேரு பார்க்கில் கச்சேரிகள் நடத்தியிருக்கிறது. புல்தரை; கட்டணமில்லை. அப்படி ஒன்று வந்தால் விடாதீர்கள். பையன் நெளிந்தால் ஓடவிடுங்கள். பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தாலும் ஆலாப் முடிந்திருக்காது!