டப்பாவை நம்பி

மினி டிராக்டரில் டீசல் ஃபில்டரை நாமே மாற்றிக்கொள்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதிலும் ஏர் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது தெரியாமல்தான் பாதிப் பேர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு, "இதோ டோல்கேட் தாண்டிட்டேன் சார்" என்ற பதிலைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு எதுவும் எழுத வராது போலிருக்கிறது.

வண்டி வாங்கியது திருச்சி தாயனூர்ப் பக்கத்து வாழைக்காக. பெரிய டிராக்டர் வாழை வரிசைக்குள் நுழையாது. நுழைந்தால் வாழை மிஞ்சாது. பக்கத்திலேயே 1993-லிருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழைக்கு என்ன வந்தாலும் போய்க் கேட்கலாம். டிராக்டருக்கு வந்தால் நம் பாடு. வேலை இல்லாத நாட்களில் வண்டி மன்னார்புரத்து வீட்டு போர்டிகோவில் நிற்கும். கார் தெருவில் வெயில் காயும். இந்த ஏற்பாட்டைப் பற்றி வீட்டில் என்ன அபிப்பிராயம் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

கொஞ்ச நாளாகவே வண்டி சரியில்லை. ரொட்டவேட்டரை இறக்கினால் மூச்சு வாங்கும், ஆக்சிலேட்டரை ஏற்றினால் இருமும். கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிவப்பு வளையம் மேலே மிதக்கிறது. டீசலை விடத் தண்ணீர் கனம் என்பதால் தண்ணீர் அடியில் தங்கும், வளையம் அதன் மேல் ஏறி நின்று நம்மை எச்சரிக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பங்க்காரனைத் திட்ட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் பாதி டேங்க் டீசலோடு வண்டியை நிறுத்திவைத்தால், மீதிப் பாதியில் இருக்கும் காற்றின் ஈரமே ராத்திரிக் குளிருக்கு வியர்த்து உள்ளே சொட்டும். டேங்கை நிரப்பி நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதியவர் டீசலைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லை.

சரி, ஃபில்டரை மாற்றிவிடலாம். போன தடவை இரண்டு வாங்கி, ஒன்றை மெக்கானிக் போட்டார். மற்றொன்று பரணில் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. டேப்பை மூடினேன். நட்டைக் கழற்றினேன். முழங்கை வரை டீசல் வழிந்தது. ஊறிப்போன பழைய ஃபில்டரைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே தினசரிக் காலண்டர் தாள் சுற்றிய ஒரு பொட்டலம். அதற்கு மேல் ரப்பர் பேண்டு. பிரித்தால் ஃபில்டர்தான், ஆனால் போன வருஷத்து ஃபில்டர். டீசலில் கழுவி, வெயிலில் காயவைத்து, மடிப்பு மடிப்பாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வைத்திருந்தார்கள். காலண்டர் தாளில் என் ராசிக்கு 'பொறுமை' என்று போட்டிருந்தது.

இது யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். மாமனார் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பொன்மலைப் பணிமனையில் டீசல் ரயில் என்ஜின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறானால் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார். அன்றைக்கும் வந்து, போர்டிகோவில் நாற்காலி போட்டு, நான் செய்வதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் பார்ப்பதில் அவர் நிபுணர்.

"மாமா, இது பழசு."

"பழசுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. சுத்தமா இருக்கு பாருங்க."

"புதுசு எங்கே?"

"பத்திரமா இருக்கு. அட்டைப்பெட்டி ஈரம் இழுக்கும்னு ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வெச்சேன்."

எந்த ஐஸ்கிரீம் டப்பா? இதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் பல இருக்கின்றன. ஒன்றில்கூட ஐஸ்கிரீம் இருந்ததில்லை. வெண்ணிலாவில் கறிவேப்பிலை. பட்டர்ஸ்காட்சில் ரசப்பொடி. பிஸ்தாவில் எதுவோ ஊறிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இதே கதைதான், தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, போர்ன்விட்டாவில் மிளகு, 'சர்க்கரை' என்று பெயர் பொறித்த எவர்சில்வர் டப்பாவில் ரவை, 'ரவை'யில் சில்லறைக் காசு. சாரதாஸ் பையில் துணி இருக்காது. பட்டா, சிட்டா, ஈபி கார்டு, 2009-ல் எடுத்த ஒரு எக்ஸ்ரே இருக்கும். பட்டுப்புடவைப் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர். அமிர்தாஞ்சன் பாட்டிலில் விபூதி. தலைவலிக்கு அவசரமாகத் தடவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் பழநி ஆண்டவர் தெரிவார். மிக்ஸி வந்த பெட்டியில் கொலு பொம்மை. கொலு பொம்மைப் பெட்டியில் மிக்ஸியின் உடைந்த ஜார். அந்த ஜாருக்குள் ஒரு சாவி. அது எந்தப் பூட்டுக்கு என்று கேட்டால், "அது இருக்கட்டும், எடுக்காதீங்க" என்று மட்டும் பதில் வரும்.

டப்பா மேலே எழுதியிருப்பதை நம்பி ஒருவன் நம் வீட்டில் காபிகூடப் போட முடியாது. திருடன் வந்தால்கூட அம்மாவை எழுப்பித்தான் கேட்க வேண்டும். சொல்லப்போனால் இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. நகையை பீரோவில் வைக்கிறவன் பறிகொடுப்பான். 'கடுகு' என்ற டப்பாவில் வைத்தவளுக்குத் தூக்கம் வரும். ஆனால் வைத்த இடம் அவளுக்கே மறந்துபோகும், அது வேறு விஷயம். ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது காபித்தூள் டப்பாவைத் திறந்தேன், உள்ளே காபித்தூள் இருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை.

வீடு மட்டும்தானா? ஊரே அப்படித்தான். டிவிஎஸ் டோல்கேட்டில் சுங்கம் வாங்க ஆள் இல்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் நம்பர் ஒன் டோல்கேட்டிலும் இல்லை. கட்டணம் கட்ட வேண்டிய இடம் சமயபுரத்தில் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் அம்மன்தான் ஞாபகம் வருகிறார். என் டிராக்டர் பம்பில் 'பாஷ்' என்று பொறித்திருக்கிறது. மெக்கானிக் அதைத் தட்டிக்கொடுத்து "மைக்கோ பம்பு சார், அசையாது" என்கிறார். 1951-ல் பெங்களூரில் மைக்கோ என்று ஆரம்பித்த கம்பெனி 2008-லேயே பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டுவிட்டது. அரியமங்கலத்துப் பட்டறைகளுக்கு இன்னும் தகவல் வரவில்லை. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா என்று கேட்பார்கள். நியாயம்தான்.

ருடால்ஃப் டீசலே இதற்கு விதிவிலக்கு இல்லை. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய என்ஜின் உருப்படியாக ஓடிக் காட்டியது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை என்ஜின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். அது அவ்வளவு சுமுகமாக ஓடியதால் பார்த்தவர்களில் வெகு சிலருக்கே விஷயம் தெரிந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வெளியே டீசல் என்ஜின், உள்ளே கடலெண்ணெய். மனுஷன் நம் ஊரில் பிறந்திருக்க வேண்டியவர்.

எங்கே விட்டேன்? ஐஸ்கிரீம் டப்பா. என் மனைவி அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து கொண்டிருக்க, இங்கே மாமனார் கழுவிய ஃபில்டரின் பெருமையை ஆரம்பித்தார். "தூக்கிப் போடறதுக்கு இது என்ன வாழையிலையா? நாங்கல்லாம் கழுவித்தான் போட்டோம். வண்டி ஓடலியா?"

ஓடியது, மறுக்கவில்லை. அந்தக் காலத்து முதல் ஃபில்டர் துணி. கழுவிப் போடுகிற வகையும் உண்டு. இது காகிதம். காகிதத்தை எதற்குக் கழுவக்கூடாது என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டீசல் வெளிப்பக்கமிருந்து மடிப்புகளுக்குள் புகுந்து நடுவழியாகப் பம்புக்குப் போகிறது. தூசு வெளிப்பக்கம் தங்குகிறது. அதை ஒரு கிண்ணத்து டீசலில் முக்கி அலசினால், வெளியே இருந்த அழுக்கு கிண்ணம் முழுக்கக் கலந்து உள்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். திரும்ப மாட்டினால் உள்பக்க அழுக்கைத் தடுக்க எதுவும் இல்லை, நேரே பம்பு. பம்புக்குள் தண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஓரிரு மைக்ரான். நம் தலைமுடியின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான். அந்த இடைவெளிக்கு மசகும் அந்த டீசலேதான், தனியாக ஆயில் கிடையாது. அதில் மண் போனால் தண்டு தேயும். தேய்ந்தால் அழுத்தம் வராது. கார் டயர் காற்றைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் இல்லாமல் நாசில் டீசலைப் பீய்ச்சாது. சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சம் பிடித்து, ஆயிரக்கணக்கில் பம்புக்கு அழ வேண்டும்.

இதை நான் பம்பைத் தொட்டுக் காட்டி விளக்கி முடித்தேன். மாமனார் நிதானமாக, "பிரஷ் போட்டுத்தானே கழுவியிருக்கேன்" என்றார்.

அதற்குள் கேட்டுக்கு வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. பானெட் திறந்திருந்தால் நம் ஆட்களுக்குக் கால் நகராது. எனக்கும் நகராது, அதனால் குறை சொல்லவில்லை. இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர், "பேட்டரியப் பாத்தீங்களாண்ணே?" என்றார். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "இல்ல, எதுக்கும் பாருங்க" என்றார். இஸ்திரிக்காரர், "அதக் கழுவிப் போட்டுக்கலாமே சார்" என்றார். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஃபில்டர் கிடைத்தது. ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால், ஸ்ட்ராபெரி. டீசல் ஃபில்டரைக் குளிர்சாதனத்தில் வைத்து வளர்த்த குடும்பம் திருச்சி மாவட்டத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஈரம் படக்கூடாது என்று அங்கே வைத்ததாக விளக்கம். வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் அதன் மேல் முத்து முத்தாக வியர்த்தது. வெயிலில் வைத்துக் காய விட்டு, ஓரிங்கில் டீசல் தடவி, மரை கடிக்காமல் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு முறுக்கு.

இப்போது ஏர். டீசல் வண்டிக்குப் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது, எல்லாம் அழுத்தம். குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் பம்பு தள்ளத் தள்ள அந்தக் காற்று சுருங்கிக்கொண்டே போகுமே தவிர நாசில் திறக்காது. செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும். அதனால் ஏர் ஸ்குரூவை இளக்கி, பிரைமரைக் கையால் அமுக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு டீசல் மட்டும். அமுக்கும்போது செய்ய வேண்டிய ஒரு காரியம்தான் அந்தச் சூட்சுமம். நான் அதைச் செய்யக் கையை நீட்டிய நேரம், "நீங்க நகருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிவிட்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். ஏர் ஸ்குரூவைத் தொடவில்லை. நேராக நாசில் பைப் நட்டை இளக்கி, "அடிங்க" என்றார். அடித்தேன். பைப் வாயில் டீசல் துப்பியது, வேட்டியிலும் துப்பியது. நட்டை இறுக்கினார். வண்டி ஒரு உறுமலில் பிடித்துக்கொண்டது. இஸ்திரிக்காரர் கைதட்டினார். ஹெல்மெட்காரர் மட்டும், "இருந்தாலும் பேட்டரியப் பாத்துருங்க" என்றார்.

கழுவிய ஃபில்டரை மாமனார் விடவில்லை. காலண்டர் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து, திரும்ப ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் கொண்டுபோனார். உத்தமர்சீலியில் யாரோ தெரிந்தவருக்கு டீசல் பம்பு செட்டாம், அதில் மாட்டிவிட்டார்களாம். நேற்று ராத்திரி ஃபோன் செய்து அது ஓடுகிற சத்தத்தைக் கேட்க வைத்தார். "கேக்குதா? கேக்குதா?" என்றார். கேட்டது. நன்றாகவே ஓடுகிறது. அந்தப் பம்பு போகத்தான் போகிறது, நாளைக்கு இல்லாவிட்டால் தைக்குள் போகும். அப்போது அவர் எனக்கு ஃபோன் செய்ய மாட்டார்.