பட்டையைக் கிளப்பும் கேள்விகள்

கேள்வி: லோடு ஏற்றினால் என் பிக்கப் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை போட்டுவிடலாமா?
– தக்காளி லோடு ஓட்டுபவர், ஒட்டன்சத்திரம்

பதில்: போடலாம், பட்டறைக்காரர் மகிழ்வார். ஆனால் பட்டை கூடியது ஆக்சிலுக்கும் டயருக்கும் தெரியாது. அவை ஆர்.சி.யில் எழுதிய எடைக்குத்தான் கட்டுப்பட்டவை. பிரேக் சங்கதி இன்னும் மோசம். பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வைத் தொடும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அந்த வால்வு பின்சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் அனுப்பும். நீங்கள் பட்டை போட்டு முதுகைத் தூக்கினால், ‘வண்டி காலி’ என்று நம்பி அழுத்தத்தைக் குறைத்துவிடும். மலை இறக்கத்தில் அதனிடம் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. தக்காளி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: நான் நேராகத்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருபவர்கள் வண்டி நண்டு மாதிரிப் போகிறது என்கிறார்கள். பொறாமையா?
– தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி

பதில்: அவர்கள் உண்மை விளம்பிகள் ஐயா. பட்டைகளைத் துளைத்துப் போகும் சென்டர் போல்ட்தான் ஆக்சிலுக்கு இடம் காட்டுகிறது. இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். யு போல்ட் தளர்ந்தால் பாரமெல்லாம் அந்த ஒற்றை போல்ட் தலையில். அது வெட்டுப்பட்டால் ஆக்சில் ஒரு பக்கம் நகரும். டயரும் ஒரு பக்கமாகத் தேயும். கம்பி பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். யு போல்ட்டை ஒட்டிச் செந்துருக் கோடோ, தேய்ந்து பளபளக்கும் தடமோ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது. சென்டர் போல்ட் துளையருகே விரிசலையும் தேடுங்கள். பட்டை பெரும்பாலும் அங்கேதான் விடும். யு போல்ட் மாற்றினால் புதிதாகவே போடுங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, குறுக்குக் குறுக்காக, கம்பெனி சொன்ன டார்க்குக்கு முறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறுக்கு. இதற்குத்தான் யாரும் திரும்பிப் போவதில்லை!

கேள்வி: உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கலாமா?
– சிக்கனக்காரர், மதுரை

பதில்: வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே உடையும். சிக்கனம் இரட்டைச் செலவு.

கேள்வி: அடிப்பக்கம் முழுக்கப் பழைய ஆயில் அடிக்கிறேன். நல்லதுதானே?
– வேன் உரிமையாளர், தேனி

பதில்: துருவுக்குப் பிடிக்காது, ரப்பர் புஷ்ஷுக்கும் பிடிக்காது. புஷ் ஆயிலில் ஊறி உப்பிப்போனால், பட்டையின் கண்ணில் ‘டக் டக்’ என்று சத்தம் ஆரம்பிக்கும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் ஷாக்கிளுக்குக் கிரீஸ் அடியுங்கள். மற்ற இடத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும்.

கேள்வி: ஷாக் அப்சார்பர் மாற்றினால் சாய்ந்த வண்டி நிமிருமா?
– அவசரக்காரர், திருச்சி

பதில்: நிமிராது. பாரம் தாங்குவது பட்டையின் வேலை. ஷாக், பட்டை ஆடும் ஆட்டத்தை நிறுத்துகிற ஆள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரு பக்கமும் டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர நடுவிலிருந்து பாடி விளிம்பு வரை டேப் பிடியுங்கள். வித்தியாசம் வந்தால் தாழ்ந்த பக்கத்துப் பட்டையை முதலில் பாருங்கள். ஷாக்கில் எண்ணெய் வழிந்தால் அதையும் மாற்றுங்கள், இரு பக்கமும் சேர்த்தே.