டாக்டர் சீட்டில் ஒரு பாம்பு

சங்கனும் பத்மனும் பாம்பு ராஜாக்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பத்மனுக்குத் திருமால். டீக்கடை இல்லாத காலம் என்பதால் பஞ்சாயத்தை நேரே அம்பாளிடம் கொண்டுபோனார்கள். பாவம், கோமதியம்மன் புன்னை வனத்தில் தவம் கிடந்து, ஆடி உத்திராடத்தன்று பாதிச் சிவனும் பாதித் திருமாலுமாகச் சங்கரநாராயணரை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் வழக்கு முடிந்தது. ஜெயித்தது யார் என்று இரண்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

வழக்கு முடிந்தும் பாம்புகள் ஊரைக் காலி செய்யவில்லை. சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி, சிரங்கு, தேமல் எதுவானாலும் நெற்றியில் பூசலாம், வந்த இடத்திலும் பூசலாம். தகட்டில் அடித்த பாம்பு உருவோ தேள் உருவோ வாங்கிக் காணிக்கை செலுத்தினால் கணக்குத் தீர்ந்தது. தோல் வியாதிக்கும் பாம்புக்கும் என்னய்யா சம்பந்தம் என்று டாக்டர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சீட்டில் 'ஹெர்ப்பிஸ்' என்று எழுதுவார்.

அதுவும் பாம்புதான். கிரேக்கத்தில் 'ஹெர்ப்பேன்' என்றால் ஊர்தல். தோலில் ஊர்ந்து பரவும் புண்ணுக்கெல்லாம் ஹிப்போகிரட்டீஸ் காலத்து வைத்தியர்கள் இந்தப் பெயரை மாட்டிவிட்டார்கள். லத்தீன் 'செர்ப்பென்ஸ்', சமஸ்கிருத 'சர்ப்பம்' எல்லாம் அதன் பங்காளிகள். சரகர் சும்மா இருப்பாரா? பரவும் தோல் நோய்க்கு 'விசர்ப்பம்' என்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பாம்பு, பல்லி ஆராய்ச்சிக்கும் பெயர் ஹெர்ப்பெட்டாலஜி. போர்டைப் பார்த்து நுழையவும்.

நம்மூர் அக்கியின் முழுப்பெயர் ஹெர்ப்பிஸ் ஸாஸ்டர். ஸாஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. உடம்பை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டால் ஆள் அவ்வளவுதான் என்று ரோமாபுரிப் பிளினி பயமுறுத்திவிட்டுப் போனார். அது அப்படிச் சுற்றுவதே அபூர்வம். ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகப் போகும். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில், புற்றுக்குள் பாம்பாகச் சுருண்டு கிடந்து, ஐம்பது அறுபது வயதில் ஆள் தளர்ந்த நேரம் பார்த்து வெளியே வருகிறது.

குயவர் வீட்டில் செங்காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டால் சில வாரத்தில் அடங்கும். எழுதாவிட்டாலும் பெரும்பாலும் அடங்கும். பெயர் மட்டும் காவிக்கு. டாக்டரோ, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்கச் சொல்வார். முதல் நாள் கோவிலுக்கும் மறுநாள் குயவர் வீட்டுக்கும் போய்விட்டு மூன்றாம் நாள் காலையில் வந்து நிற்கிறவர், கணக்குப்படி, லேட் இல்லை.