கரண்ட் இறங்கினால் பணிஸ் இறங்குமா?

கேள்வி: 2025 ஜனவரியில் மின்கட்டணத்தைக் குறைத்தார்களே, பேக்கரிக்காரர் ஏன் பணிஸ் விலையைக் குறைக்கவில்லை? (வாசகர், தோப்பூர்)

பதில்: ஜூன் வருமென்று அவருக்குத் தெரியும்! 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீத உயர்வு. அந்தக் காயம் ஆறுமுன் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66. 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது, ஜூனில் 15 வீதம் ஏறியது. ஐந்து மாதம் நிலைக்காத கட்டணத்தை நம்பி யார் விலைப்பலகையை அழித்து எழுதுவார்? மா பிசையும் இயந்திரத்துக்குக் கடன் கட்டுபவருக்கு மலிவு மட்டும் போதாது, அது நிலைக்கவும் வேண்டும். மின்கட்டணத்தை அங்கீகரிக்கும் ஆணைக்குழு ஒரு வருடத்துக்காவது அதை அசையாமல் வைக்கட்டும். இன்னொரு வழியும் உண்டு: பக்கத்துச் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. வெயில் கரண்ட் பகலில்தான் வரும். அரிசி ஆலையும் வெல்டிங் கடையும் ஓடுவதும் பகலில்தான். சிறு மீட்டர்களுக்குப் பகல் யூனிட்டை மலிவாக்கினால், பணிஸ் விலையைப் பற்றி நானே அவரிடம் பேசுகிறேன்.