பிறர் மீட்டரில் காசிடுதல் என்னும் பெருங்குற்றம்: ஓர் ஆராய்ச்சி

குற்றங்கள் யாவும் காமத்தினாலும் கோபத்தினாலும் பேராசையினாலும் விளைவன என்று தர்மசாஸ்திரக்காரரும் நியாயவாதிகளும் ஒருமுகமாகச் சொல்லிப் போயிருக்க, பரோபகாரத்தினால் விளையும் குற்றங்களைப் பற்றி மாத்திரம் ஒருவரும் ஒரு பிரகரணமேனும் எழுதாமல் விட்டது வித்தியா உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறையாகும். அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில், தெருவோரம் நிற்கும் அயலார் காருக்காக, நிறுத்தக் கட்டணம் வாங்கும் மீட்டரில் அவர் அறியாமல் காசு போடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் மீட்டரின் உற்பத்தி. ஓக்லஹோமா நகரத்துக் கடைவீதியில், உத்தியோகம் பார்ப்போர் காலையில் கொண்டுவந்து நிறுத்திய கார்கள் மாலைவரை அசையாமல் கிடந்தமையால், சாமான் வாங்க வந்தவர்களுக்கு இடமின்றிப் போயிற்று, வியாபாரிகள் முறையிட்டார்கள், அம்முறையீட்டின் பயனாகக் கார்ல் மகீ என்னும் பத்திரிகைக்காரர் சிந்தித்துச் சிருஷ்டித்ததே இந்த யந்திரம். 1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் மீட்டர் நாட்டப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். காசு விழுந்தால் முள் ஓடும். கெடு முடிந்தால் நிற்கும். நின்றபின் சிப்பந்தி ஒருவர் வந்து அபராதச் சீட்டைக் கண்ணாடியில் செருகிப் போவார். எவருடைய கார் என்றோ, எவர் போட்ட காசு என்றோ அந்த யந்திரம் விசாரிப்பதில்லை. அதனுடைய இந்தச் சமரச பாவமே பிற்காலத்து வியாஜ்ஜியங்களுக்கெல்லாம் மூலகாரணம் என்பது எமது துணிபு.

நிற்க. எந்தத் தொழிலுக்கும் முதனிலை எட்டு என்று தொல்காப்பியனார் வகுத்திருப்பதால், குற்றமும் ஒரு தொழிலே ஆகலின், 1996ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் நிகழ்ந்த பிரசித்தமான குற்றத்தை அவ்வெட்டினும் பொருத்திக் காண்போம். வினையாவது, காசிடுதல். வினைமுதல், அறுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மை. செயப்படுபொருள், ஐந்து சென்ட் நாணயம் ஒன்றும் பத்து சென்ட் நாணயம் ஒன்றும். நிலம், நகரத்துத் தெருவோரம். காலம், அக்டோபர் மாதத்தில் அபராதச் சீட்டு எழுத அதிகாரி நெருங்கிவந்த கணம். கருவி, அம்மையாருடைய கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும். ‘இன்னதற்கு’ என்பது, முன்பின் அறியாத இரண்டு கார்க்காரர்களுக்கு. ‘இது பயன்’ என்னும் எட்டாவதில்தான் இலக்கணிகள் எதிர்பாராத விகாரம் நேர்ந்துவிட்டது: பயன், கைவிலங்கு.

பிறருடைய மீட்டரில் காசு போடலாகாது என்று அந்நகரில் விதியிருந்தது மெய். ஆனால் அதிகாரியோடு நேர்ந்த வாக்குவாதத்தின் பின் அம்மையார்மீது சாட்டப்பட்டவையோ, சர்க்கார் காரியத்துக்கு இடையூறு செய்தமை, ஒழுங்கீனமாக நடந்தமை என்னும் இரண்டு கனமான குற்றங்கள். அடுத்த ஆண்டு விசாரணையில் முன்னது நிற்கவில்லை, பின்னது நின்றது. அபராதம் 500 டாலர். போட்ட காசுக்கு இது 3,333 மடங்குக்குமேல் என்பதைக் கணக்கில் வல்லார் சரிபார்த்துக்கொள்க.

இனிப் பூர்வபட்சம். மீட்டர் பணம் சேர்ப்பதற்காக ஏற்பட்டதன்று. இடம் கைமாறுவதற்காக ஏற்பட்டது. ஆகையால் புறத்தார் காசு போட்டுக் கெடுவை நீட்டினால் அடுத்த கார்க்காரர் இடமின்றி அலைவார் என்பர் நகரசபைக் கட்சியார். இதனை எளிதில் தள்ளிவிடல் தகாது. மகீயின் நோக்கமும் இதுவே. அதற்குச் சித்தாந்தம் வருமாறு: கண்ணாடியில் செருகிய அபராதச் சீட்டு மாத்திரம் காரை நகர்த்திவிடுகிறதா? சீட்டுப் பெற்ற காரும் சொந்தக்காரர் வரும்வரை அங்கேயே கிடக்கிறது. காசு பெற்ற காரும் அங்ஙனமே கிடக்கிறது. இடத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அணுவளவும் பேதமில்லை. பேதம் முழுவதும் நகரசபையின் பேரேட்டில், வரவுப் பத்தியில் இருக்கிறது.

இந்தச் சித்தாந்தத்துக்குத் திருஷ்டாந்தம் வேண்டுவார், ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்னும் கடற்கரையூரை நோக்குக. அங்கே மீட்டர்கள் வந்தால் உல்லாசப் பிரயாணிகள் வராமற் போவார்களே என்று அஞ்சிய வியாபாரிகள், 1965ஆம் ஆண்டில், கெடு முடிந்த மீட்டர்களில் ஆறு பென்ஸ் நாணயம் போட்டுச் செல்வதற்கென்றே பொன்னிற நீச்சலுடை அணிந்த பெண்களை நியமித்தார்கள். சின்சினாட்டியில் விலங்குக்கு உரியதான அதே கிரியை, அவ்விடத்தில் சம்பளத்துக்கு உரியதாகி, ஊருக்கே ஓர் அடையாளமாகவும் ஆயிற்று. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்துக் கீன் நகரிலோ, சிப்பந்திகளை முந்திக்கொண்டு ஓடி ஓடிக் காசு போட்டு வந்த கூட்டத்தார்மீது நகரசபை 2013இல் வழக்குத் தொடுக்க, அவ்வாண்டு முடிவதற்குள் கீழ் நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி அதனைத் தள்ளிவிட்டது. ஆக, ஒரே காசு ஓரிடத்தில் ஒழுங்கீனம், ஓரிடத்தில் உத்தியோகம், ஓரிடத்தில் உரிமை.

இதுகாறும் கூறியவாற்றால் யாம் கண்ட முடிபு யாதெனில், சில்லறைத் தர்மத்தைப் பெரிய சட்டம் துரத்தும்போது, அந்தத் தர்மத்தால் யாருடைய வரும்படி குறைகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பதே. நகரசபையார் வசூலாகப்போகும் அபராதத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வரவாக எழுதிவைப்பதை விட்டொழிப்பாராயின், பாட்டிமாரைப் பிடிப்பதற்குப் போலீசாருக்கு அவசியம் இராது. அதுவரை, அமெரிக்க யாத்திரை போகும் கருணையுள்ள வாசகர்கள், அயலார் மீட்டரில் காசு போடுமுன் அவ்வூர் விதியை ஒருமுறை படித்துவிடுவது நலம்.